ஈயை அடக்கும் குளவி

ஈயை அறியாதார் எவருமிலர். ஆனால் ஈயின் வாழ்வை முற்றும் அறிந்தார் மிகச் சிலரே. அதனை அறியாது அதனோடு போரிடுவதனாற்றான் மனிதன் இப்போரில் பலகாலும் தோல்வியே கண்டுள்ளான். வீட்டிலே ஈ மொய்த்தால் உணவை மூடி வைக்கிறோம். அவ்வளவில் தொல்லை குறைகிறது. மாடும் கோழியும் வளர்ப்போர் நிலை வேறு. அங்கே எரு நாள்தோறும் சேர்கிறது. எரு உள்ள இடத்தில் ஈ உண்டு.

சிலாங்கூர் மாநிலத்தில் இச்சிக்கல் வேறொரு வகையிலும் கடுமையாகிவிட்டது. ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களுக்குப் பின்னே மாட்டுக் கொட்டகை இருந்தது; அதன் அயலில் ரப்பர்க் காடன்றி வேறில்லை. ஈ பறந்தாலும் கேட்பார் இல்லை. இன்று அத்தோட்டங்கள் பல மறைந்து, கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் குடியிருப்புகளாக நிறைந்துள்ளது. மாடு கட்டியிருந்த இடத்திற்கு அடுத்த வேலியில் அடுக்குமாடி வீடு எழுகிறது. கொட்டகையிலிருந்து பறக்கும் ஈ அவ்வீட்டின் சோற்றுத் தட்டில் அமர்கிறது. பின்னர் முறையீடு எழுகிறது. முறையீட்டுக்குப்பின் ஆணை பிறக்கிறது. பத்துமலைத் தைப்பூசத்துப் பாற்குடத்திற்குப் பால் கறந்து கொடுக்கும் மரபில் வந்த சிறு மாட்டுக்காரருக்கு, ஈயை அடக்குவது தம் தொழிலே நிலைக்குமா என்னும் கேள்வியோடு பிணைந்துவிட்டது.

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களிலும், பதப்படுத்தாத கோழி எருவை இட்டதனால் ஈத்தொல்லை பெருகி, அங்கு வாழ்வோரும் சுற்றுலாவினரும் குறைகூறிய செய்திகள் பலமுறை நாளிதழ்களில் வந்துள்ளன. ஆகவே இஃது ஒருவர் இருவர் சிக்கல் அன்று.

இதற்கு மருந்தடித்தல் ஒன்றே வழியென்று பலரும் எண்ணுகின்றனர். வேறொரு வழியும் உண்டு. ஈயைக் கொல்லும் சிறு குளவிகள் சில உள்ளன. அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, நம் நாட்டில் அவை உள்ளனவா, அவற்றை நம்பலாமா என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

ஈயின் வாழ்க்கை

வீட்டு ஈயின் வாழ்வு நான்கு நிலைகளை உடையது: முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள ஈ. தாய் ஈ ஈரமான எருவிலோ அழுகிய தீனியிலோ ஒரு தடவைக்கு நூறு முட்டைகள் அளவில் இடும். வாழ்நாளில் அது 500 முட்டைகள் வரை இடக்கூடும். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்துவிடும். வெளிவரும் வெண்புழு நான்கைந்து நாள் எருவைத் தின்று கொழுக்கும். பின்னர் ஈரம் குறைந்த ஓரத்தை நாடிச் சென்று, தன் தோலையே இறுக்கி ஒரு பேழையாக்கிக்கொண்டு அதனுள் அடங்கிக் கிடக்கும். பழுப்பும் சிவப்பும் கலந்த நிறத்தில், நெல்மணியினும் சிறிதாய், பீப்பாய் வடிவில் தோன்றும் அப்பேழையே கூட்டுப்புழு உறையாகும். நான்கைந்து நாளில் உறையின் ஒரு முனையைத் தள்ளித் திறந்துகொண்டு ஈ வெளிப்படும். முட்டை முதல் ஈ வரை ஏறக்குறைய பத்து நாளில் யாவும் முடிந்துவிடுகின்றன.

ஈண்டு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய் ஈ 500 முட்டை இடுகிறது, பாதி பெண். அனைத்தும் பிழைத்தால் அடுத்த தலைமுறையில் 250 தாய்கள். அவை இடும் முட்டை 125,000. இவ்வாறு பெருகினால் சில மாதங்களில் கோலாலம்பூர் நகரமே ஈயால் மூடப்பட்டிருக்க வேண்டும். அப்படி நிகழவில்லை. ஏன்?

500 முட்டைகளில் இரண்டு மட்டுமே முழு ஈயாகி இனம் பெருக்கினால், ஈயின் தொகை கூடாது, குறையாது. அப்படியாயின் எஞ்சிய 498 எங்கே போயின? வெயிலில் காய்ந்தன, மழையில் மூழ்கின, எறும்பும் வண்டும் கோழியும் தின்றன, குளவியும் தின்றது. நாம் அறியாமலே, கூலி கேளாமலே, இயற்கை அத்தனையையும் அழித்துவிடுகிறது. இதில் சிறிது தவறினாலும் விளைவு பெரிது. இரண்டுக்குப் பதில் நான்கு பிழைத்தால் போதும். ஈயின் தொகை தலைமுறைதோறும் இரட்டிக்கும். ஐந்து தலைமுறையில், அதாவது இரண்டு மாதத்திற்குள், அது 32 மடங்காகிவிடும். அந்த இரண்டு கூடுதல் உயிர்களைத் தடுப்பதே ஈயை அடக்கும் கலையின் உள்ளுறை என்க.

மருந்தின் கதை

இரண்டாம் உலகப் போருக்குப்பின் டி.டி.டி. என்னும் மருந்து வந்தபோது ஈயின் கதை முடிந்ததென்றே பலர் நம்பினர். சுவரில் ஒருமுறை தெளித்தால் பல வாரம் ஈ செத்து விழுந்தது. ஆனால் 1946, 1947 ஆம் ஆண்டுகளிலேயே சுவீடனிலும் இத்தாலியிலும் அம்மருந்துக்குச் சாகாத ஈக்கள் தோன்றிவிட்டன. காரணம் எளிது. ஆயிரம் ஈக்களில் ஒன்றிரண்டுக்கு இயல்பாகவே மருந்தைத் தாங்கும் ஆற்றல் இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிட, அவ்வொன்றிரண்டே தாய்தந்தையராகி வழிவழி பெருகுகின்றன. பத்து நாளுக்கு ஒரு தலைமுறையாகப் பெருகும் உயிரில் இம்மாற்றம் விரைந்து நிகழ்கிறது. அதன்பின் வந்த மருந்துகள் பலவற்றுக்கும் ஈ இவ்வாறே பழகிவிட்டது.

இன்னொரு கேடும் உண்டு. ஈயின் பகைவர்களாகிய வண்டும் குளவியும் எருவிலேயே வாழ்கின்றன. எருவின்மேல் மருந்தை ஊற்றினால் அவையும் மடிகின்றன. ஈ மீண்டும் விரைவில் பெருகும். குளவி மெல்லவே பெருகும். ஆதலின் மருந்தடித்த சில வாரங்களில் பகைவரற்ற களத்தில் ஈ தனியரசு செலுத்தத் தொடங்குகிறது.

இவ்வுண்மையை மலேசியத் தமிழர் வேறொரு வடிவில் கண்டுள்ளனர். 1950களின் இறுதியிலும் 1960களிலும் மலாயாவின் செம்பனைத் தோட்டங்களில், இலைத்துணுக்குகளால் பை பின்னி அதனுள் வாழும் ஒருவகைப் புழு பெருகி மட்டைகளை மொட்டையாக்கியது. அதனை ஆராய்ந்த பூச்சியியல் வல்லுநர் பி. ஜே. வுட், வேறு பூச்சிகளுக்காகத் தெளித்த டி.டி.டி., டீல்டிரின், எண்டிரின் முதலிய மருந்துகளே இக்கேட்டுக்கு வித்து என்று எடுத்துக்காட்டினார். அப்புழுவை அதுகாறும் அடக்கி வைத்திருந்தவை சிறு குளவிகள். மருந்து அவற்றை அழித்தது. பைக்குள் மறைந்திருந்த புழுவோ தப்பியது. கண்டபடி மருந்தடிப்பதை நிறுத்திய இடங்களில் குளவிகள் மீண்டும் பெருகிப் புழுவை அடக்கின. செம்பனைப் பூச்சிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது. அத்தோட்டங்களில் முதுகில் மருந்துக்கலன் சுமந்து நடந்தோர் பலர் நம்மவரே என்பதை நினைக்கும்போது, இது வெறும் பூச்சிக் கதையாக நமக்குத் தோன்றாது.

குளவியும் புழுவும்

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பது நம்மவர் வழக்கு. குளவி பச்சைப் புழு ஒன்றைக் கௌவி வந்து மண்கூட்டில் அடைக்கிறது. சில நாள் கழித்து அக்கூட்டிலிருந்து குளவி ஒன்று வெளிவருகிறது. இதனைக் கண்ட முன்னோர், புழுவே இடைவிடாது குளவியை எண்ணிக் குளவியாயிற்று என்று கருதினர். குரு சீடனைத் தன்னைப்போல் ஆக்குவதற்குச் சமய நூலோர் இதனை உவமையாக்கினர்.

நம் அண்டையரான சீனரிடத்தும் இதே எண்ணம் பண்டு இருந்தது. குளவிக்கு மகவில்லை, அது புழுவை மகவாக ஏற்று வளர்க்கிறது என்று அவர்கள் நம்பினர். வளர்ப்பு மகனை அப்புழுவின் பெயரால் சுட்டும் வழக்கு சீன மொழியில் உண்டு. ஆனால் கி.பி. 456 முதல் 536 வரை வாழ்ந்த தாவோ ஹோங்ஜிங் என்னும் மருத்துவ அறிஞர் அதனை மறுத்துவிட்டார். குளவி தானே முட்டையிடுகிறது; புழு அதன் குஞ்சுக்கு வைத்த உணவு என்று அவர் எழுதினார். கேள்விப்பட்டதை விட்டு, கண்ணால் கண்டதைப் பற்றிய அவர் துணிவு போற்றத்தக்கது.

உவமை சமய உண்மையை விளக்கப் பயன்பட்டது. அதன் அழகு இதனாற் குறைவதில்லை. ஆயினும் இயற்கையில் நிகழ்வது வேறு. புழு குளவியாவதில்லை, புழுவைத் தின்று குளவிக்குஞ்சு வளர்கிறது. குளவிக்கு ‘வேட்டுவன்’ என்றொரு பெயரும் தமிழில் உண்டு. அப்பெயரை இட்டவன் கூர்ந்து நோக்கியவனே ஆதல் வேண்டும்.

ஈயின் வேட்டுவன்

மண்கூடு கட்டும் குளவி நம் கண்ணுக்குத் தெரியும். ஈயைக் கொல்லும் குளவியோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையது. கரிய சிற்றெறும்புபோல் தோன்றும். மனிதரையோ மாட்டையோ அது கொட்டுவதில்லை. கூடு கட்டுவதும் இல்லை. அதன் வாழ்வு முழுவதும் எருவிலேயே கழிகிறது.

இவற்றுள் ஸ்பலாங்கியா, மஸ்கிடிபியூராக்ஸ், பாக்கிகிரெப்பாய்டியஸ் என்னும் மூன்று பேரினப் பெயர்கள் ஆராய்ச்சி நூல்களில் மிகுதியும் வழங்குவன. பெயர்கள் வாயில் நுழையா எனினும் அவற்றின் செயல் எளிதில் விளங்கும். பெண்குளவி எருவின் இடுக்குகளில் நுழைந்து ஈயின் கூட்டுப்புழு உறையைத் தேடுகிறது. கண்டதும் அதன்மேல் ஏறி, தன் உணர்கொம்பால் தட்டித் தட்டிப் பார்க்கிறது. வேறு குளவி முன்னரே முட்டையிட்டதோ, உறை மிகப் பழையதோ என்று ஆராய்வதுபோலும் அது. பின் தன் வயிற்றின் நுனியிலுள்ள மெல்லிய ஊசியால் உறையைத் துளைக்கிறது. உறைக்கும் உள்ளிருக்கும் கூட்டுப்புழுவுக்கும் இடையே சிறு வெளியுண்டு. அவ்விடத்தில் ஒரு முட்டையை வைக்கிறது. பொரிந்த குஞ்சு, ஈயாக வேண்டிய உடலைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்க்கிறது. பின்னர் அவ்வுறையிலேயே உருமாறி, சிறு வட்டத் துளையிட்டு வெளிவருகிறது. ஓர் உறைக்குள் ஈ ஒன்று மடிந்தது. குளவி ஒன்று பிறந்தது.

இன்னும் சில விந்தைகள் உண்டு. கருவுற்ற முட்டை பெண்ணாகும்; கருவுறாத முட்டை ஆணாகும். எதனை இடுவது என்பது தாயின் கையில் உள்ளது. பெரிய உறையிற் பெண் முட்டையையும் சிறிய உறையில் ஆண் முட்டையையும் அது மிகுதியாக இடும்; பெண்ணுக்கன்றோ பேருடல் வேண்டும்! சில உறைகளைத் துளைத்து முட்டையிடாமல் கசியும் நீரைப் பருகிவிட்டுச் செல்லும். அவ்வுறையிலும் ஈ பிழைப்பதில்லை. ஆகவே குளவி பிறந்த உறைகளை மட்டும் எண்ணினால் அதன் தொண்டைக் குறைத்து மதிப்பிட்டதாகும்.

இனத்துக்கு இனம் வேட்டைக்களமும் வேறு. மஸ்கிடிபியூராக்ஸ் எருவின் மேற்பரப்பை ஒட்டியே தேடும். ஸ்பலாங்கியாவோ எருவையும் மண்ணையும் குடைந்து சில அங்குலம் ஆழத்திலுள்ள உறையையும் கண்டுபிடிக்கும். இரண்டும் கூடி உழைத்தால் மேலும் கீழும் காவல் அமைகிறது.

மாட்டின் காலைக் கடித்துக் குருதி உறிஞ்சும் கடி ஈயையும் இக்குளவிகள் விடுவதில்லை. அவ்வீ கடித்தால் மாடு ஓயாது காலை உதைக்கும், தீனி செல்லாது, பால் குறையும். ஆகவே மாட்டுக்காரருக்கு இக்குளவியால் இரட்டை நன்மை உண்டு.

மலேசியாவில் உள்ளனவா?

இக்குளவிகளை அயல்நாட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமோ என்று ஐயுறுவோர்க்கு விடை 1990ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுலைமானும் அவர்தம் துணைவர்களும், தீபகற்ப மலேசியாவின் குப்பைமேடுகளிலும் கோழிப் பண்ணைகளிலும் ஈயின் உறைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். உறைகளை வளர்த்துப் பார்த்தபோது ஈயோடு குளவிகளும் வெளிவந்தன. ஸ்பலாங்கியா எண்டியஸ் உள்ளிட்ட பல இனங்கள் இங்கே இயல்பாகவே வாழ்வதை அவ்வாராய்ச்சி காட்டியது. நாம் கொண்டுவராமலே அவை இங்கு உள்ளன; நம்மால் கொல்லப்படாமல் இருந்தாலே போதும் என்பது அதன் பொருள்.

அயலினின்று உயிர்களைக் கொண்டுவருவதில் ஆய்ந்தோய்ந்து பாராமல் இறங்கலாகாது என்பதற்கு மலாயாவே தொடர்புடைய சான்று ஒன்றுண்டு. பிஜித் தீவில் தென்னையை அழித்த ஊதா நிற அந்துப்பூச்சி ஒன்றை அடக்க, 1925ஆம் ஆண்டு டெய்லர் என்பார் பேராக்கின் பத்து காஜாப் பகுதியிலிருந்து ஒருவகை ஈயைக் கப்பலேற்றிக் கொண்டுசென்றார். ஆம், ஈயே! அது புழுக்களின்மேல் முட்டையிட்டு அவற்றைக் கொல்லும் இனம். வெளியிட்ட சில மாதங்களில் அந்துப்பூச்சி அடங்கிவிட்டது, தென்னை தழைத்தது. உலக நூல்களில் இது பெருவெற்றியாகப் பேசப்பட்டது. பின்வந்த அறிஞர் சிலரோ, அவ்வீ பிஜிக்கே உரிய வேறு அந்துப்பூச்சிகளையும் தாக்கியிருக்கக்கூடும் என்று கவலை தெரிவித்தனர். ஒருமுறை விட்ட உயிரைத் திரும்ப அழைத்துக்கொள்ள இயலாது. ஆதலின் நம் மண்ணிற்கே உரிய குளவியைப் பேணுதல் எல்லாவற்றினும் தகுதியான வழியாகும்.

குளவி மட்டும் போதுமா?

போதாது. இதனை ஒளிவுமறைவின்றிக் கூறிவிடுதல் நன்று.

1975இல் அமெரிக்காவின் மார்கனும் அவர்தம் குழுவினரும் ஸ்பலாங்கியா எண்டியஸ் குளவியைத் தொடர்ந்து வெளியிட்டு வீட்டு ஈயை ஒடுக்கிய செய்தியை வெளியிட்டனர். டென்மார்க்கில் மாட்டுப் பண்ணைகளிலும் பன்றிப் பண்ணைகளிலும் ஸ்பலாங்கியா கேமரோனி என்னும் இனத்தை வெளியிட்டு நற்பயன் கண்டதாக 2004இல் ஆராய்ச்சியுரை வந்தது. ஆனால் வேறு பல பண்ணைகளில் பயன் தோன்றாததும் உண்டு. அதற்குரிய காரணங்கள் நம்மவர் அறியத்தக்கன.

முதலாவது, கால வேறுபாடு. ஈக்குப் பத்து நாள். ஸ்பலாங்கியாவுக்கு மூன்று வாரம் அளவில். ஈ 500 முட்டை இடும். குளவியோ சில பத்துகள் முதல் நூறு அளவில் இடும். ஓட்டப் பந்தயத்தில் ஈயே முந்தும். ஆகவே ஈ பெருகியபின் குளவியை ஒருமுறை விட்டுவிட்டுக் காத்திருத்தல் பயன்படாது. ஈ குறைவாக இருக்கும்போதே தொடங்கி வாரந்தோறும் விடல் வேண்டும்.

இரண்டாவது, இனத் தேர்வு. அமெரிக்காவில் ஒரு காலத்து விற்பனையாளர் சிலர் நசோனியா என்னும் குளவியை விற்றனர். வளர்ப்பதற்கு அஃது எளிது. ஆனால் அது பிணத்தில் மொய்க்கும் ஈக்களையே பெரிதும் நாடுவது. கொட்டகை ஈயிடம் அதன் ஆற்றல் குறைவு. வாங்கியவர்கள் பணம் இழந்தனர். குளவி முறையே பொய் என்றும் முடிவு கட்டினர். குளவி என்ற பொதுப்பெயர் ஒன்றே போதாது. எக்குளவி என்று கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது, ஏற்கெனவே பறக்கும் ஈயைக் குளவி ஒன்றும் செய்யாது. அது கூட்டுப்புழுவின் எமன் மட்டுமே. அண்டைப் பண்ணையிலிருந்து பறந்து வரும் ஈக்கும் அது பொறுப்பேற்க இயலாது.

நான்காவதும் தலையாயதும் ஈரம். எரு குழம்பாகக் கிடந்தால் ஈ பெருகும். குளவி அதனுள் நடமாட இயலாது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கோலாலம்பூர் வட்டாரத்தில் கூரையே முதற் குளவி எனலாம்! கூரை ஒழுகாமலும், தண்ணீர்த் தொட்டி கசியாமலும், எருவுக்கு வாய்க்கால் நீர் செல்லாமலும் காப்பது எந்த மருந்தினும் வலிது. நம் பாட்டிமார் சாணத்தை மெல்லிய வறட்டியாகத் தட்டி வெயிலில் காயவைத்தனர். எரிபொருளுக்காகவே அதனைச் செய்தனர் எனினும், மெல்லிதாய்க் காய்ந்த சாணத்தில் ஈப்புழு பிழைப்பதில்லை. கன்று கட்டுமிடத்து நனைந்த வைக்கோலும், தொட்டியடியில் புளித்துக் கிடக்கும் தவிடும் புண்ணாக்கும் சாணத்தினும் மிகுதியாக ஈயை வளர்ப்பன. அவற்றை நாள்தோறும் அகற்றல் வேண்டும்.

கோழிக் கூண்டுகளின் கீழ் எருவை அள்ளும்போது முழுவதையும் ஒரே நாளில் துடைத்தெடுத்தல் கூடாது. காய்ந்த பழைய எருவில் ஒரு பகுதியை விட்டுவைத்தல் வேண்டும். ஏனெனில் குளவியும், ஈ முட்டையைத் தின்னும் நுண்ணிய உண்ணிகளும், புழுவைத் தின்னும் கருவண்டுகளும் அதிலேதான் குடியிருக்கின்றன. முழுவதும் அள்ளிவிட்டால் புதிய எருவுக்கு முதலில் வந்து சேர்வது ஈதான். மருந்து இன்றியமையாத போது அதனைச் சுவரிலும், ஈ இளைப்பாறும் கம்பத்திலும், பொறியில் வைக்கும் இரையிலும் பயன்படுத்தலாம், எருவின்மேல் ஊற்றலாகாது.

குளவி வளர்க்கும் முறையும் பெரும் மறையன்று. தவிட்டில் ஈப்புழுக்களை வளர்ப்பர். அவை கூட்டுப்புழுவானதும் நீரில் இட்டால் உறைகள் மிதக்கும்; அவற்றை வடித்தெடுத்து உலர்த்திக் குளவிகளிடம் வைப்பர். முட்டையிடப்பட்ட உறைகளை மரத்தூளில் கலந்து பண்ணைகளுக்கு அனுப்புவர். அங்கே எருவோரங்களில் தூவிவிட்டால் குளவிகள் வெளிவந்து தம் வேலையைத் தொடங்கும். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது வாணிகமாகவே நடைபெறுகிறது. மலேசியாவில் ஒரு சிற்றூர்ப் பண்ணையாளர் தாமே இதனைச் செய்வது எளிதன்று. பலர் கூடிக் கூட்டுறவாகச் செய்தல் கூடும்.

பத்துமலை காட்டும் பாடம்

எருவும் உயிரும் எவ்வாறு சமனாக வாழக்கூடும் என்பதைக் காண நாம் வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. பத்துமலையில் முருகன் கோயில் அமைந்த குகைக்கு அருகே இருட்டுக் குகை என்றொன்று உண்டு. 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வரும் அம்மலையின் படிகளில் ஏறுவோர் பலர் அதன் வாயிலைக் கடந்தே செல்கின்றனர். அதனுள் வாழும் வௌவால்களின் எச்சம் தலைமுறை தலைமுறையாகக் குவிந்து வந்துள்ளது. 1860களில் சீனக் குடியானவர் காய்கறிப் பயிருக்கு எருவாக இம்மலைக் குகைகளின் எச்சத்தை அள்ளிச் சென்றனர். 1967இல் மெக்லூர் முதலிய ஆராய்ச்சியாளர் இருட்டுக் குகையின் உயிர்களைத் தொகுத்து ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். எச்சத்தைத் தின்னும் கரப்பானும் பூச்சியும் புழுவும் அங்குண்டு. அவற்றை வேட்டையாடும் நெடுங்காற் பூரானும் சிலந்தியும் அங்குண்டு. கதவு வைத்த குழாய்க் கூட்டில் வாழும் அரிய சிலந்தியினம் ஒன்று பத்துமலையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கியுள்ளது.

அக்குகையில் மருந்தடிப்பார் யாருமிலர். ஆயினும் ஓருயிர் மற்றவற்றை விழுங்கி மேலோங்கிவிடவில்லை. தின்பதும் தின்னப்படுவதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. கொட்டகை குகை ஆகாது. எனினும் கொட்டகை எருவும் ஓர் உலகம் என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

தமிழாசிரியர்களுக்கு இங்கே ஒரு வேண்டுகோள். இக்குளவியை வேளாண் நூல்கள் ‘ஒட்டுண்ணி’ என்கின்றன. மாட்டின் தோலில் ஒட்டியிருக்கும் உண்ணியையும், குடலில் வாழும் நாடாப்புழுவையும் அதே சொல்லால் குறிக்கிறோம். இவ்விரண்டும் தாம் ஒட்டிய உயிரை உடனே கொல்வதில்லை. அது இறந்தால் தமக்கும் வாழ்வில்லை. குளவிக்குஞ்சோ தான் தங்கிய உயிரைத் தவறாது கொன்றே வெளிவரும். மேல்நாட்டு நூலோர் இவ்விரு வகையையும் இரு சொற்களால் பிரித்துள்ளனர். நாமும் பிரித்தல் நலம். ‘கொல்லும் ஒட்டுண்ணி’ என்று இப்போதைக்கு வழங்கலாம். அதனினும் சுருங்கிய நல்ல சொல்லை ஆசிரியர்கள் ஆக்கித் தரலாம். பண்ணையாளர் ஒருவர் ‘ஒட்டுண்ணியை வாங்கி என் கொட்டகையில் விடுவதா!’ என்று அஞ்சுவாரானால், அக்குற்றம் அவருடையதன்று. நாம் கொடுத்த சொல்லினுடையது.

மாணவர் கண்ணால் காண

இக்கட்டுரையில் கூறியவற்றை நம்பியே ஆகவேண்டும் என்பதில்லை, சோதித்தும் பார்க்கலாம். கையுறை அணிந்து, மாட்டுக் கொட்டகையின் காய்ந்த எருவோரத்தில் ஐம்பது அறுபது கூட்டுப்புழு உறைகளைத் திரட்டுக. அவற்றை வெறுங் கண்ணாடிப் புட்டியில் இட்டு, நெருக்கமாக நெய்த மெல்லிய துணியால் வாயை இறுகக் கட்டுக. ஒரு வாரத்திற்குள் ஈக்கள் வெளிவந்துவிடும். அவற்றை எண்ணி அகற்றுக. எஞ்சிய உறைகளை மேலும் மூன்று நான்கு வாரம் வைத்திருந்தால், பலவற்றிலிருந்து கரிய சிறு குளவிகள் வெளிவரக் காணலாம். உறைகளை உருப்பெருக்காடியால் நோக்குக: முனை மூடிபோல் திறந்திருந்தால் ஈ சென்றது, சிறு வட்டத் துளை இருந்தால் குளவி சென்றது. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ மறத்தலாகாது.

மருந்தடித்த கொட்டகை ஒன்றிலும், அடிக்காத கொட்டகை ஒன்றிலும் உறைகளைத் திரட்டி இரண்டிலும் வட்டத் துளைகளை எண்ணி ஒப்பிடுவது இன்னும் சிறப்பு. எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதினால் கணிதப் பாடமும் ஆயிற்று. குளவி கொட்டிய புழுவைப் பற்றிய பழமொழியை விளக்கினால் தமிழ்ப் பாடமும் ஆயிற்று. அக்கணக்கைப் பண்ணையாளரிடம் கொண்டுசென்று காட்டினால் அவருக்கும் அது பயன்படும். தம் கொட்டகையில் காவலர் உளரா, இலரா என்பதை அவர் அன்றுதான் முதன்முதலாக அறிவார். அடுத்தமுறை மருந்துக்கலனைத் தூக்குமுன் ஒருகணம் நின்று எண்ணவும் செய்வார்.